பதினாறு டம்ளர்

கொழுந்தன் நீட்டிய தாளைச் சிஸ்டர் கையில் வாங்கவில்லை. மேசைமேல் வைக்கும்படி கண்ணாலேயே காட்டினாள். வைத்தான். பறந்துவிடுமோ என்று பயந்தவன் போல அதன்மேல் பேனாவையும் எடுத்து வைத்தான்.

"ரொம்ப யோசிக்காதீங்க சிஸ்டர். கீழ ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்."

வீட்டில் அண்ணி, இங்கே சிஸ்டர். பாட்டில் தொழிற்சாலையின் கேட்டைத் தாண்டியதும் அவனுக்கு உறவுமுறை மாறிவிடும். காலையில் அவள் பரிமாறியதை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன்தான். இங்கே அவன் பாதுகாப்பு அதிகாரி, அவள் முதலுதவி அறை நர்ஸ். அவளும் குறைந்தவள் இல்லை. வீட்டில் தம்பி என்பவள் இங்கே சார் என்பாள். அந்தச் சாரில் எத்தனை மரியாதை கலந்திருக்கிறது என்பது அவளுக்குத்தான் தெரியும்.

தாளில் நாலே வரி. உலைக்கூடத்தில் அச்சுக்கு எண்ணெய் தடவும் தொழிலாளி திங்கட்கிழமை வேலை முடியும் நேரத்தில் வலிப்பு கண்டு விழுந்தார். அதே தண்ணீரைக் குடித்து அதே வெக்கையில் நின்ற மற்ற நாற்பத்தொரு பேரும் நலமாக இருக்கிறார்கள். எனவே இது அவருடைய உடலின் குறைபாடு. ஆகையால் அவர் வெப்பமான இடத்தில் வேலை செய்யத் தகுதியற்றவர்.

நர்ஸ் கையெழுத்துப் போட்டால், வாரம் ஒருமுறை வந்துபோகும் கம்பெனி டாக்டர் அதன் கீழே படிக்காமலே போடுவார். உலைக்கூடத்தை விட்டால் அந்த ஆளுக்கு அங்கே வேறு வேலை கிடையாது. வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும். பெண்டாட்டியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அவன் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

"விசாரணை எத்தனை மணிக்கு சார்?"

"பதினொண்ணுக்கு. அது சும்மா ஒரு பேச்சுக்கு. இதுல போட்டுட்டீங்கன்னா நீங்க வரவே வேண்டாம்."

"வர்றேன்."

அவன் முகம் சுருங்கியது. தாளை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டான். நாலு வரியில் ஒரு மனுஷனைத் துடைத்துப் போட இவர்களுக்கு எப்படித்தான் கை வருகிறதோ!

அந்த ஆளை அங்கே எல்லோரும் 'உள்ளபடி' என்றுதான் கூப்பிடுவார்கள். "உள்ளபடி சொல்லணும்னா" என்று ஆரம்பிக்காமல் அவனுக்குப் பேச வராது. ஏன் லேட்டு என்று கேட்டால் பஸ் வரவில்லை என்று புளுகித் தப்பிக்கத் தெரியாது. "உள்ளபடி சொல்லணும்னா சார், தூங்கிட்டேன்" என்பான். அவன் வேலை உலைக்கூடத்தின் ஆகக் கேவலமான வேலை. கொதிக்கும் கண்ணாடிக் குழம்பு துண்டு துண்டாக அச்சில் விழுந்து பாட்டிலாக எழுந்து போகும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நீளக் கைப்பிடித் தூரிகையை எண்ணெயில் முக்கி, முகத்தை ஒருபக்கமாகத் திருப்பிக்கொண்டு, ஓடும் மெஷினுக்குள் கையை விட்டு அந்த அச்சுகளைத் தடவ வேண்டும். பத்து வருஷமாகத் தடவுகிறான். அவன் இடது காது வலது காதைவிடக் கறுப்பு.

மூன்று மாதத்துக்கு முன்னால் கொழுந்தனுக்கு ஞானோதயம் வந்தது. வெக்கையில் வேலை செய்பவர்கள் தண்ணீர் குடிப்பதில்லை, அதனால்தான் சோர்ந்து போகிறார்கள் என்று கண்டுபிடித்தான். அதுவரை சரிதான். உலைக்கூடத்தின் கோடியில் ஜன்னலோரமாக ஒரு பெரிய டிரம் வந்தது. அரை லிட்டர் பிடிக்கும் எவர்சில்வர் டம்ளர்கள் வந்தன. சுவரில் ஆணி அடித்து, நூலில் பேனா கட்டி, ஒரு ரெஜிஸ்டரும் தொங்கியது. மணிக்கு இரண்டு டம்ளர். எட்டு மணி நேர ஷிப்டுக்குப் பதினாறு டம்ளர். ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக். பதினாறு டிக்கும் விழாதவனுக்கு டைம் ஆபீசில் கார்டு கொடுக்க மாட்டார்கள்; கார்டு இல்லாமல் கேட்டைத் தாண்ட முடியாது. தலைமை அலுவலகம் பூரித்துப்போய் அவனுக்கு ஒரு கேடயம் கொடுத்தது. அது இப்போது அவள் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. தினமும் அவள்தான் அதைத் துடைக்கிறாள்.

ஆட்கள் அவனுக்கு 'டம்ளர் ஆபீசர்' என்று பெயர் வைத்தார்கள். அவன் காதுக்கு மட்டும் அது எட்டவில்லை.

சிஸ்டர் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடவில்லை. முதல் வாரமே வீட்டுச் சமையலறையில் அவனிடம் சொன்னாள். கிண்ணத்தில் அவள் ஊறப்போட்டிருந்த உலர்ந்த திராட்சைகள் அப்போது உப்பிப்போய்க் கிடந்தன. அதில் ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

"இதுக்கு வாய் இருக்கா தம்பி? எப்படிக் குடிச்சுது? உள்ள சத்து ஜாஸ்தி, வெளிய வெறும் தண்ணி. அதான் தோல் வழியா தண்ணி தானே உள்ள ஏறிடுச்சு. வேர்வையில உப்பு போயிடுது. நீ உப்பில்லாத தண்ணியா ஊத்திக்கிட்டே இருந்தா உடம்புக்குள்ளயும் இதான் நடக்கும். உப்பும் சக்கரையும் கலந்து குடு. தாகத்துக்குக் குடிக்க விடு. டிக் எல்லாம் எதுக்கு?"

அவன் அந்தத் திராட்சையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டான். "அண்ணி, உப்பு போட்டா பி.பி. ஏறுதுன்னு நாளைக்கே நாலு பேர் வந்து நிப்பாங்க. தண்ணி குடிச்சு எவனாவது செத்திருக்கானா?"

வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். மாமியார் சிரித்தாள், கணவன் சிரித்தான். சிஸ்டரும் சிரித்துத் தொலைத்தாள். அதற்கப்புறம் வாராவாரம் அந்த ரெஜிஸ்டரின் அடியில் 'பார்வையிடப்பட்டது' என்று அவளே கையெழுத்தும் போட்டாள். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பைத்தான் அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கொழுந்தன்மேல் வந்த கோபத்தில் பாதி தன்மேலும் இருந்தது.

திங்கட்கிழமை அச்சு மாற்றம். பாட்டிலின் அளவு மாறும்போது மெஷினை நிறுத்தி, பழைய அச்சுகளைக் கழற்றிப் புதியதை மாட்ட வேண்டும். உலை மட்டும் அணையாது. பத்து மணியிலிருந்து ஒன்றரை மணிவரை மேஸ்திரி உட்படப் பதினோரு பேர் மெஷினுக்கு அடியில் படுத்துக் கிடந்தார்கள். தலையைத் தூக்க நேரமில்லை. ஒன்றரைக்கு வெளியே வந்த உள்ளபடி, ரெஜிஸ்டரைப் பார்த்தான். அவன் வரிசையில் எட்டு டிக் இருந்தது, எட்டு இல்லை. சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னான்.

"வரிசை ரொம்பலைன்னா கார்டு இல்ல. அப்புறம் உன் இஷ்டம்," என்றான் சூப்பர்வைசர்.

உள்ளபடி எட்டு டம்ளர் தண்ணீரை இருபது நிமிடத்தில் குடித்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக் போட்டான்.

இரண்டேகாலுக்கு அவன் முதலுதவி அறை வாசலில் வந்து நின்றபோது, கதவு எது சுவர் எது என்று தெரியாதவன் போல நின்றான். தலை பிளக்கிறது என்றான். வாந்தி எடுத்தான். வெறும் தண்ணீர். கைவிரல்கள் வீங்கியிருந்தன. கடிகாரப் பட்டை மணிக்கட்டில் அழுந்திச் சிவந்து கிடந்தது. சிஸ்டர் அதைக் கழற்றிவிட்டு, அவனைத் தாங்கிப் பிடித்து எடை மெஷினில் ஏற்றினாள். திங்கட்கிழமை காலையில் எல்லோருக்கும் எடை பார்ப்பது வழக்கம். காலையில் அவன் அறுபத்தொரு கிலோ. இப்போது அறுபத்து மூன்றரை.

எட்டு மணி நேரம் உலைக்கு முன்னால் நின்று வேர்த்துக் கொட்டியவன் இரண்டரை கிலோ கூடி வந்திருக்கிறான்.

அந்த நேரம் பார்த்துத்தான் கொழுந்தன் ஓடிவந்தான். கையில் டம்ளர். அரை லிட்டர். "வெக்கை அடிச்சிருச்சு! தண்ணி குடுங்க, தண்ணி குடுங்க!" என்று உள்ளபடியின் வாயில் வைக்கப் போனான்.

சிஸ்டர் அதைத் தட்டிவிட்டாள். டம்ளர் உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. "இன்னொரு சொட்டு உள்ள போச்சு, கொலைகாரன் ஆயிடுவே தம்பி!"

அவள் அவனைத் தொழிற்சாலைக்குள் தம்பி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அடுத்த நிமிடம் உள்ளபடிக்கு வலிப்பு வந்தது.

ஆஸ்பத்திரியிலும் சும்மா நடந்துவிடவில்லை. கம்பெனி வேனில் முன்சீட்டில் வந்த கொழுந்தன் அவளுக்கு முந்தி இறங்கிப் போய், வெயில் தாக்கம், உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்று அவசரப் பிரிவில் எழுதிக் கொடுத்துவிட்டான். டை கட்டியவன் சொன்னால் எழுதிக்கொள்கிறார்கள். சிஸ்டர் ஸ்டிரெச்சரோடு உள்ளே வருவதற்குள் குளுக்கோஸ் தண்ணீர்ப் பாட்டில் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஊசி ஏறிவிட்டது. சொட்டு விழ ஆரம்பித்தது. அவள் நேரே போய்க் குழாயில் இருந்த சின்னச் சக்கரத்தைக் கட்டைவிரலால் உருட்டி மூடினாள்.

"யாரும்மா நீங்க? அதுல கை வைக்க உங்களுக்கு என்ன அதிகாரம்?" டியூட்டி டாக்டர் கத்தினாள். சின்னப் பெண்.

"அதிகாரம் ஒண்ணுமில்ல டாக்டர். எடை ரெண்டரை கிலோ கூடியிருக்கு. வத்திப் போனவன் எடை எப்படிக் கூடும்? ரத்தத்துல உப்பு எவ்வளவுன்னு ஒரே ஒரு தடவை பார்த்துடுங்க. அப்புறம் என்னைப் போலீஸ்ல பிடிச்சுக் குடுங்க."

டாக்டர் அவளை ஒரு கணம் முறைத்தாள். பிறகு உள்ளபடியின் வீங்கிய விரல்களைப் பார்த்தாள். ரத்தம் எடுத்தார்கள். நூற்று முப்பத்தைந்துக்குக் கீழே இறங்கக் கூடாத சோடியம் நூற்றுப் பதினாறில் நின்றது. டாக்டர் குளுக்கோஸ் பாட்டிலைக் கழற்றிவிட்டு, கெட்டியான உப்பு நீரை அளந்து அளந்து ஏற்றச் சொன்னாள்.

பேக்கிங் பிரிவில் வேலை செய்யும் அவன் பெண்டாட்டி, அட்டைப்பெட்டித் தூசி படிந்த உடுப்போடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். "தண்ணி குடிச்சா ஒருத்தருக்கு இப்படி ஆகுமாக்கா?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"உடம்பு முழுக்கச் சின்னச் சின்னப் பைங்கதான்மா. செல்லுன்னு சொல்றோமே, அது. ஒவ்வொரு பைக்கும் ஒரு தோல். அந்தத் தோல்ல தண்ணிக்குன்னு வாசல் இருக்கு, கேக்காம கொள்ளாம போகும் வரும். உப்பு அப்படி நுழைய முடியாது. மீறி உள்ள வந்தா இறைச்சு வெளிய தள்ள அங்க பம்ப்பு ஓடிக்கிட்டே இருக்கும். வெளிய இருக்குற உப்புதான் தண்ணியை இழுத்துப் பிடிச்சு வைக்கும். அந்த உப்பு வேர்வையில போயிடுச்சு. மேல வெறும் தண்ணியைக் கொட்டினா, அது எங்க போகும்? பைக்குள்ள ஏறும். பை வீங்கும். கை கால்ல வீங்கினா பரவால்ல, இடம் இருக்கு. மூளை வீங்கினா? மண்டை ஓடு விரியுமா சொல்லு."

அந்தப் பெண் அவள் பக்கம் திரும்பினாள். "அப்ப மத்தவங்களுக்கு ஏன்க்கா ஆகலை? அவங்களும்தானே குடிச்சாங்க?"

சிஸ்டருக்கு அப்போது பதில் தெரியவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு உள்ளபடி கண் விழித்தான். நான் யார் என்று தெரிகிறதா என்று டாக்டர் கேட்டதற்கு, "உள்ளபடி சொல்லணும்னா, தெரியல" என்றான். அவன் பெண்டாட்டி அழுதுகொண்டே சிரித்தாள்.

அந்தக் கேள்விதான் இப்போது வியாழக்கிழமை காலையில், நாலு வரித் தாளாக, பேனாவைச் சுமந்துகொண்டு மேசைமேல் கிடந்தது. நாற்பத்திரண்டு பேர் குடித்தார்கள், ஒருவன்தான் விழுந்தான். அது உண்மையானால் கொழுந்தன் சொல்வதுதான் நியாயம். சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பத்து. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உலைக்கூடத்துக்கு நடந்தாள்.

ரெஜிஸ்டர் ஆணியில் தொங்கியது. திங்கட்கிழமைப் பக்கத்தைப் புரட்டினாள். அடியில் எழுதப்படாத இடம், அவள் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. மேஸ்திரியின் வரிசை நிரம்பியிருந்தது. பத்து மணிக்கு ஒரு டிக், பத்தரைக்கு ஒன்று, பதினொன்றுக்கு ஒன்று, கோலம் போட்டது போல ஒரே சீராக. பத்திலிருந்து ஒன்றரைவரை அந்த மனிதர் மெஷினுக்கு அடியில் அல்லவா கிடந்தார்? மற்ற ஒன்பது பேருக்கும் அப்படியே. உள்ளபடியின் வரிசையில் மட்டும் முதல் எட்டு டிக் நிதானமாகவும், கடைசி எட்டு ஒன்றின்மேல் ஒன்று விழுந்தும் கிடந்தன.

அவள் ஜன்னலைப் பார்த்தாள். கம்பி இல்லாத ஜன்னல். அதன் கீழ்க்கட்டை முழுக்கத் தண்ணீர் காய்ந்த வெள்ளைத் தடம். எட்டிப் பார்த்தாள். வெளியே உடைந்த பாட்டில்களைக் கொட்டி வைக்கும் மேடு. நாலு மாதமாக மழை இல்லை. முள்செடிகூட முளைக்காத இடம். அந்த ஜன்னலுக்கு நேர் கீழே மட்டும் ஒரு பூசணிக்கொடி, குடை குடையாக இலை விரித்துக் கண்ணாடி மேட்டின்மேல் பாதி தூரம் ஏறியிருந்தது. மஞ்சள் பூவும் இரண்டு பிஞ்சும் வேறு. யாரோ சாப்பாட்டில் துப்பிய விதை. இந்தக் கொடியைத் தினமும் தன் அறையிலிருந்து பார்த்திருக்கிறாள். கொழுந்தன் இதைப் படம் பிடித்து, 'பசுமைத் தொழிற்சாலை' என்று தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியதும் அவளுக்குத் தெரியும்.

"யாருய்யா இதுக்குத் தண்ணி ஊத்துறது?" என்று கேட்டாள்.

பக்கத்தில் நின்ற மேஸ்திரி தலையைச் சொறிந்தார். காதோரம் நரைத்த மனிதர், வாய்க்கொழுப்புக்குப் பேர்போனவர், அன்றைக்கு டம்ளர்களை வரிசையாக அடுக்க ஆரம்பித்தார்.

"மேஸ்திரி, உங்களைத்தான்."

"எல்லாரும்தான் சிஸ்டர்," என்றார் கடைசியில், குரலைத் தாழ்த்தி. "தாகத்துக்கு நாலு டம்ளர் குடிப்போம். மிச்சத்தை மொண்டு அதுக்கு ஊத்திட்டு டிக் போட்ருவோம். எட்டு லிட்டர் எவன் குடிப்பான்? எங்க எல்லாருக்கும் தெரியும். இவன்கிட்டயும் சொன்னோம், ஊத்திட்டு டிக்கைப் போடுடான்னு. கேட்டாத்தானே?"

சிஸ்டர் ரெஜிஸ்டரை மூடினாள். "அதை விசாரணையில வந்து சொல்லுங்க."

"சொன்னா பொய்க் கணக்குப் போட்டோம்னு நாப்பத்தொரு பேரையும் தூக்குவாங்க. எங்களுக்கும் பிள்ளை குட்டி இருக்கு சிஸ்டர்."

"நான் யார் பேரையும் சொல்ல மாட்டேன். ஆனா அவன் விழுந்தப்ப நீங்கதானே தூக்கிட்டு வந்து வேன்ல போட்டீங்க. அதை மட்டும் நினைச்சுக்குங்க."

பதினொரு மணிக்கு மேனேஜர் அறை நிறைந்திருந்தது. ஏ.சி. காற்று சில்லென்று அடித்தது. மேனேஜர் நடுவில், பக்கத்தில் கொழுந்தன், அவனுக்கு முன்னால் ரெஜிஸ்டர். தொழிலாளிகள் சார்பில் மேஸ்திரி. எதிர்ச் சுவரோரம் உள்ளபடியும் அவன் பெண்டாட்டியும். நாலு நாளில் அவன் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. உட்காரச் சொல்லி யாருக்கும் தோன்றவில்லை.

கொழுந்தன் எழுந்து நின்று படித்தான். நாற்பத்திரண்டு பேர், ஒரே தண்ணீர், ஒரே வெக்கை, ஆளுக்குப் பதினாறு டம்ளர், அதற்கு ரெஜிஸ்டரே அத்தாட்சி. "ஒருத்தருக்கு மட்டும் ஒத்துக்கலைன்னா அது தண்ணியோட தப்பு இல்ல சார். அந்த உடம்போட தப்பு. அவர் நன்மைக்காகத்தான் சொல்றேன்."

நன்மைக்காக என்ற சொல்லைக் கேட்டதும் சிஸ்டருக்கு ரத்தம் தலைக்கேறியது. அவள் பையிலிருந்து தாளை எடுத்து மேனேஜர் முன்னால் வைத்தாள். கையெழுத்து இல்லாத தாள்.

"அந்த உடம்பு என்ன தப்பு பண்ணுச்சு சார்? வெறும் தண்ணியை நாலு லிட்டர் ஊத்தினா யாரோட உடம்பும் அதைத்தான் பண்ணும். உங்க உடம்பு, என் உடம்பு, இந்த சாரோட உடம்பு. தண்ணி உப்பைத் தேடிப் போகும், கேடயம் வாங்கினவன் வீடு, வாங்காதவன் வீடுன்னு பார்க்காது. ஆஸ்பத்திரி ரிப்போர்ட் இதோ இருக்கு."

"அப்ப மத்த நாப்பத்தொரு பேர்?" என்றார் மேனேஜர். கேட்க வேண்டிய கேள்விதான்.

"கொஞ்சம் எழுந்து ஜன்னல்கிட்ட வர்றீங்களா சார்?"

மேனேஜர் அறை ஜன்னலிலிருந்து கண்ணாடி மேடு நன்றாகத் தெரியும். அவர் வந்து பார்த்தார். கொடி பச்சைப் பசேலென்று வெயிலில் கிடந்தது.

"நாலு மாசமா மழை இல்ல. அங்க குழாயும் இல்ல. அது டிரம் இருக்குற ஜன்னலுக்கு நேர் கீழ வளருது. மத்த நாப்பத்தொரு பேர்னு கேட்டீங்களே, அவங்க டிக் போட்ட தண்ணியெல்லாம் அங்க போச்சு."

"சிஸ்டர் ஏதோ கற்பனையில..." கொழுந்தன் குறுக்கே வந்தான். "சார், ஒரு செடியை வெச்சு யாராவது... அண்ணி, என்ன பேசறீங்க நீங்க?"

அண்ணி என்ற சொல் அந்த அறையில் விழுந்ததும் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் காது சிவந்தது.

"யார் ஊத்தினாங்க? பேரைச் சொல்லுங்க," என்றார் மேனேஜர்.

சிஸ்டர் வாயைத் திறக்கவில்லை. உள்ளபடியின் பெண்டாட்டி மேஸ்திரியைப் பார்த்தாள். கெஞ்சிப் பார்க்கவில்லை. சும்மா பார்த்தாள்.

மேஸ்திரி தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் ஊத்தினேன் சார்."

"பொய்யா டிக் போட்டீங்களா?"

"ஆமா சார். நான் போட்டேன், எல்லாரும் போட்டோம். பொய் டிக் போட்டவன் அத்தனை பேரும் நல்லா இருக்கோம் சார். நிஜமா குடிச்சவன் இவன் ஒருத்தன்தான். அவனைத்தான் தகுதி இல்லன்னு அனுப்பப் போறீங்க."

மேனேஜர் உள்ளபடியின் பக்கம் திரும்பினார். "அவங்கள்லாம் கொட்டினாங்களே, நீ ஏன்ப்பா கொட்டலை?"

"உள்ளபடி சொல்லணும்னா சார்," என்றான் அவன். குரல் இன்னும் சரியாக எழும்பவில்லை. "டிக் போட்டா குடிச்சிருக்கணும் இல்லையா?"

கொழுந்தன்தான் முதலில் தேறினான். அப்படியானால் நாற்பத்தொரு பேர்மேலும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றான். மேனேஜர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"எடுக்கலாம். எடுத்தா, ரெஜிஸ்டர் பொய்யின்னு தலைமை அலுவலகத்துக்கு எழுதணும். கேடயத்தைத் திருப்பிக் கேப்பாங்க. குடுத்துடறியா?"

அவன் உட்கார்ந்துவிட்டான். மேனேஜர் அந்த நாலு வரித் தாளை இரண்டாக மடித்து இழுப்பறையில் போட்டார். கிழிக்கக்கூட மனம் வரவில்லை. ரெஜிஸ்டர் இனி வேண்டாம், நர்ஸ் சொல்கிறபடி தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து வையுங்கள் என்றார். உள்ளபடியைப் பார்த்து, ரெஸ்ட் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை வேலைக்கு வா என்றார். ஒரு மனுஷனைச் சாவின் வாசல்வரை அனுப்பிவிட்டு, தப்பு நடந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்ல அந்த அறையில் ஆள் இல்லை. அவனோ "ரொம்ப நன்றி சார்" என்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான். அந்தக் கும்பிடுதான் சிஸ்டருக்கு எல்லாவற்றையும்விட அதிகமாக எரிந்தது.

திங்கட்கிழமை காலை அவள் உலைக்கூடத்துக்குப் போனபோது பூசணிக்கொடி இல்லை. அடியோடு வெட்டிப் போட்டிருந்தார்கள். இரண்டு பிஞ்சும் கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே சுருங்கிக் கிடந்தன. ஜன்னலுக்குப் புதுக் கம்பிவலை. தண்ணீர் வீணாகாமல் இருக்க, பாதுகாப்பு அதிகாரியின் ஏற்பாடு. சாப்பாட்டு மேசையில் இதைப் பற்றி அவன் மூச்சு விடவில்லை. வீட்டுக்குப் போனதும் அந்தக் கேடயத்தைப் பரண்மேல் ஏற்றிவிடுவது என்று அவள் அங்கேயே முடிவு செய்தாள். யார் கேட்டாலும் சரி.

அவள் டிரம்மில் உப்பையும் சர்க்கரையும் அளந்து கலக்கிக்கொண்டிருந்தபோது உள்ளபடி வந்து நின்றான். எண்ணெய்த் தூரிகையைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒரு டம்ளரை மொண்டான். கை தானாகச் சுவரைத் தேடிப் போனது. அங்கே வெறும் ஆணிதான் இருந்தது.

"எவ்வளவு குடிக்கணும் சிஸ்டர்?"

"கணக்கெல்லாம் இல்லப்பா. தாகம் எடுத்தா குடி. எடுக்கலைன்னா குடிக்காதே."

அவன் டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"உள்ளபடி சொல்லணும்னா சிஸ்டர், எனக்கு இப்ப தாகமா இருக்கா இல்லையான்னே தெரியல. மூணு மாசமா நான் அதைப் பார்க்கவே இல்ல."

அவள் அவன் கையிலிருந்த டம்ளரை வாங்கித் தண்ணீரைத் திரும்ப டிரம்மில் ஊற்றினாள். மேஸ்திரியின் பெட்டியிலிருந்து குறடு எடுத்து வந்து, சுவரில் இருந்த ஆணியை இரண்டு ஆட்டு ஆட்டிப் பிடுங்கி எறிந்தாள். பிறகு அங்கே கிடந்த பெஞ்சைக் காட்டி, "உட்காரு" என்றாள். தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சூப்பர்வைசர் அந்தக் கோடியிலிருந்து குரல் கொடுத்தான். "அங்க என்ன உக்காந்திருக்கே? அச்சு காயுது!"

"அவனுக்குத் தாகம் வரணும். வந்ததும் வருவான். அதுவரைக்கும் நீயே தடவு!" என்று சிஸ்டர் திருப்பிக் கத்தினாள்.

சூப்பர்வைசர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு தூரிகையை எடுத்தான். உலை இரைந்தது. பாட்டில்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். கால் மணி நேரம் கழித்து உள்ளபடி நாக்கு நுனியால் உதட்டைத் தொட்டுப் பார்த்தான்.

"இப்ப எடுக்குது சிஸ்டர்," என்றான்.